மின்கடைச் சட்டப் பிரிவுக்கு ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்: கலெக்டர் ஆபீஸ் உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன்.

பெறுநர்: சட்டப் பிரிவு மேலாளர்கள், மின்னூல், பாட்டு, விளையாட்டு, மென்பொருள் விற்கும் கடைகள்.

பொருள்: லைசென்ஸ் ராஜ்யத்தை அழியாமல் காத்துவருவது – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: நான் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய தங்கள் விதிமுறைகள் (நாளிடப்படாதது).

ஐயா / அம்மா,

துப்பாக்கி, பட்டாசுக்கடை, டூரிங் டாக்கீஸ் என்று லைசென்ஸ் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வேலை படு சுத்தம்.

லைசென்ஸ் எதையும் கொடுப்பதில்லை என்பது தொழில் ரகசியம். செய்தால் குற்றம் என்றிருப்பதை, இன்னாருக்கு மட்டும் குற்றமில்லை என்று எழுதித் தருகிறோம், அவ்வளவுதான். துப்பாக்கி லைசென்ஸோடு துப்பாக்கி வராது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆகவே முதலில் தடை போட வேண்டும். பிறகு கவுண்டரைத் திறக்க வேண்டும். அப்படித்தான் எண்பதுகளின் நடுப்பகுதி வரை வீட்டில் ரேடியோ கேட்கக்கூட போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார்கள். 1951ஆம் வருஷத்துத் தொழில் சட்டத்தின் கீழ், அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு தயாரித்த முதலாளி கையைக் கட்டி நிற்க வேண்டியிருந்தது. ராஜாஜி இதற்கு ‘லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்’ என்று பெயர் வைத்துத் திட்டினார். எங்களுக்கு அது விருது மாதிரி இருந்தது.

1991 ஜூலையில் புதிய தொழில் கொள்கை வந்து பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ராஜ்யம் போச்சு என்று துக்கம் காத்தோம். நீங்கள் இருக்கிறீர்கள் என்று அப்போது தெரியாமல் போயிற்று.

எங்களிடம் ஒரு பலவீனம் இருந்தது: நோட்டீஸ். டூரிங் டாக்கீஸ்காரர் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அதில் முடியும் தேதி இருக்கும், நிபந்தனை இருக்கும், பச்சை மையில் கையெழுத்து இருக்கும். தீயணைக்கும் மணல் வாளி குறைந்தது என்று அதைப் பிடுங்குவதற்குள் குறிப்பாணை, விளக்கம், மேல்முறையீடு என்று கோப்பு தலையணை கனத்துக்குப் பெருத்துவிடும். நீங்கள் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதுகிறீர்கள். உள்ளே, யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில், இது விற்பனை அல்ல, உரிமம் மட்டுமே என்று எழுதுகிறீர்கள். இந்த யோசனை எங்கள் தாசில்தாருக்குக் கடைசிவரை வரவில்லை.

2009 ஜூலையில் அமேசான் செய்ததைப் படித்து எழுந்து நின்று கை தட்டினேன். விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்று தெரிந்ததும், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல் நாவல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தார்கள். நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, பணம் மட்டும் திரும்பி வந்தது. அழிந்தவற்றில் ஒன்று ‘1984’ என்பதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஒரு பள்ளி மாணவர் அதில் எழுதிவைத்த குறிப்புகள் எதற்கும் உதவாமல் போயின. பிற்பாடு அமேசான் தலைவராக இருந்த ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார்; அது தேவையில்லாத வேலை.

பிரிட்டனில் கேம்ஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கடை 2010 ஏப்ரல் முதல் நாளில், வாடிக்கையாளர் தம் ஆன்மாவையே கடைக்கு எழுதித் தருவதாக விதிமுறையில் ஒரு வரி சேர்த்தது. சுமார் 7,500 பேர் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சேர்த்துவைத்ததெல்லாம் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான்.

உங்கள் தொழிலில் ஒரே துரோகி ரிச்சர்ட் ஸ்டால்மன். 1989இல் ஜி.பி.எல். என்ற மென்பொருள் லைசென்ஸை எழுதி, நகல் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம், கொடுக்கும்போது இதே அனுமதியோடு கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஆயுதத்தையே திருப்பிப் பிடித்தார். லினக்ஸ் இன்றும் அந்த லைசென்ஸில்தான் இருக்கிறது. பாழாய்ப்போன மனிதர்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் சென்னை மாகாணத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தை உங்கள் வாடிக்கையாளர் கண்ணில் காட்டிவிடாதீர்கள். அது மனைக்கும் கட்டடத்துக்குமானதுதான். இருந்தாலும் விஷமான சட்டம். லைசென்ஸை ரத்து செய்தால், சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டுமாம் (பிரிவு 63). காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததை, அவன்மேல் தப்பில்லாதபோது பாதியில் பறித்தால் நஷ்டஈடாம் (பிரிவு 64). பொழுதுபோக்கு இடத்துக்குள் நுழையும் லைசென்ஸை இன்னொருவருக்குக் கொடுக்கலாமாம் (பிரிவு 56). அதாவது நாடக டிக்கெட்டை மைத்துனருக்குக் கொடுக்க அன்றே அனுமதி. உங்களிடம் நான் ‘வாங்கிய’ மின்னூலை என் மகளுக்கு எழுதிவைக்க வழியில்லை. அலமாரியில் இருக்கும் காகிதப் புத்தகங்களை அவள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்காவது போடுவாள்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. கொடுப்பது உரிமம்தான் என்று பளிச்சென்று சொல்லாமல், அப்படிப்பட்ட மின்சரக்குக்கு ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. அந்த ஒரு வரியை எங்கள் ஊர்த் திரையிலும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் போட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உரிமதாரர்
(தாங்கள் ரத்து செய்யும்வரை)