காலைக் காணோம்

கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளத்தைக் காயப்போட்டிருக்கிறோம். காயப்போட்டிருக்கிறோம் என்பது ஒரு நம்பிக்கையில் சொல்வது. நேற்று மாலை ஐந்தரையிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. இன்று மாலை ஆகியும் நுனியில் சொட்டுவது நிற்கவில்லை. ஜமக்காளம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது தண்ணீரைக் குடிப்பதில்லை, சேமித்து வைக்கிறது. அடுப்படிக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். வாய்விட்டுத் திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

நடந்தது இவ்வளவுதான். நேற்று மாலை நான் மழையில் நடந்துகொண்டிருந்தேன். அடர்ந்த காடு. மரமெல்லாம் பாசி, தரையெல்லாம் பெரணி. ஹெட்போனில் இலைமேல் விழும் மழை தனியாக, ஓடைமேல் விழும் மழை தனியாக, எங்கோ ஒரு தகரக் கூரைமேல் விழும் மழை தனியாகக் கேட்டது. மனசு இலவம்பஞ்சாகிப் பறக்கப்போன நேரத்தில் யாரோ ஹெட்போனைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பிறகும் மழைச் சத்தம் நிற்கவில்லை.

"மழை கொட்டுது, தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதே. அதுலதானே நடந்துக்கிட்டிருக்கேன்."

இந்தப் பதிலை நான் சொல்லியிருக்க வேண்டாம். பத்து நாள் கழித்து எட்டிப்பார்த்த வெயிலை நம்பி மாடியில் போட்டிருந்த அத்தனை துணியும் தொப்பல். ஆறு சட்டை, நாலு நைட்டி, தலையணை உறைகள், இந்த ஜமக்காளம். நனைந்த ஜமக்காளத்தை மாடியிலிருந்து இறக்குவது, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கன்றுக்குட்டியைத் தூக்கி வருவது மாதிரி. அப்படியும் படி இறங்கும்போது, கணினி விளையாட்டைச் சேமிக்காமல் வந்துவிட்டோமே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நீங்கள் சிரிக்க வேண்டாம். ராத்திரி பதினொன்றரைக்கு, 'பத்து நிமிஷம் நடந்துட்டுப் படுக்கலாம்' என்று படுக்கையில் சாய்ந்தபடி நடையைக் கட்டியவர்தானே நீங்களும்? டாக்டர் நடக்கச் சொன்னார், மகள் டென்ஷனைக் குறைக்கச் சொன்னாள், இரண்டையும் ஒரே விசையில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்தானே? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியில் இரண்டு கிலோ கணினி. அதுவும் கொதிக்கிற கணினி. ஆனாலும் வழியில் ஒரு பயமும் இல்லை. புலி வராது, பாம்பு வராது, வனத்துறை வந்து நுழைவுச்சீட்டு கேட்காது.

நேற்றோடு நான் இந்தக் காட்டில் 40 கிலோமீட்டர் நடந்து முடித்ததாகத் திரையில் ஒரு பதக்கம் வந்தது. அதே நாளில் என் கைபேசி கணக்குப்படி நான் நடந்தது 412 அடி. அதில் பாதி, சார்ஜரைத் தேடி நடந்தது. தினம் 10,000 அடி என்று டாக்டர் சொல்லும் எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 'பத்தாயிரம் அடி மானி' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். இதை டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டார்.

இருக்கட்டும். இந்த விளையாட்டில் எனக்கு மூன்று குறைகள் உண்டு. மூன்றாவதுதான் முக்கியமானது, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டையும் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

முதல் குறை, கால்.

குனிந்து பார்த்தால் காலைக் காணோம். தரை இருக்கிறது, சேறு இருக்கிறது, சேற்றில் ஒரு நத்தைகூட இருக்கிறது. நான் இல்லை. ராத்திரியில் எதிரே வருவது மனுஷனா பேயா என்று சந்தேகம் வந்தால் முதலில் காலைப் பார் என்று எங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்குப்படி ஆறு வாரமாக அந்தக் காட்டில் அலைவது பேய். ஆனால் நடந்தால் மட்டும் சரக், சரக், சளக் என்று காலடிச் சத்தம் கேட்கிறது. நம் பழைய சினிமா மோகினிக்கும் கால் கிடையாது, கொலுசுச் சத்தம் மட்டும் உண்டு. மோகினிக்காவது வெள்ளைப் புடவை கொடுத்திருந்தார்கள். எனக்கு அதுவும் இல்லை.

இது இந்த ஒரு விளையாட்டின் கஞ்சத்தனம் இல்லை, குலவழக்கம். இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை என்று சொல்லப்படும் 'டியர் எஸ்தர்' 2008இல் வேறொரு விளையாட்டின் ஒட்டாகப் பிறந்து, 2012இல் தனிக்குடித்தனம் போனது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் பக்கத்துத் தீவு ஒன்றில் நாம் பாட்டுக்கு நடப்போம், ஒரு குரல் பேசும். கையும் இல்லை, காலும் இல்லை. 'இது விளையாட்டா, வெறும் நடைப்பயிற்சியா' என்று எரிச்சலில் சிலர் வைத்த கேலிப்பெயர்தான் கடைசியில் இந்த மொத்த வகைக்கும் நிலைத்துவிட்டது. 2016இல் வந்த 'ஃபயர்வாட்ச்' கொஞ்சம் தாராளம். 1989 கோடையில் அமெரிக்காவின் வயோமிங் காட்டில், தீ பிடிக்கிறதா என்று கோபுரத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர். அவருக்குக் குண்டு குண்டாக இரண்டு கைகள் கொடுத்தார்கள். வாக்கி டாக்கி பிடிக்க ஆள் வேண்டுமே.

காலின் அருமை தெரிந்தவர் என்றால் ஜப்பானின் ஹிடியோ கோஜிமாவைத்தான் சொல்வேன். அவருடைய 'டெத் ஸ்ட்ராண்டிங்' 2019இல் வந்தது. அதில் மூட்டை சுமந்து மலையேறும் கதாநாயகனின் பூட்ஸ் தேயும். தேய்ந்து பிய்ந்தால் கால் புண்ணாகி ரத்தம் வரும். மாற்று ஜோடி கொண்டுபோகவில்லை என்றால் வழியில் முளைத்திருக்கும் ஒரு செடியைப் பறித்துச் செருப்பு செய்து போட்டுக்கொள்ளலாம். செருப்புக்கென்று ஒரு தாவரத்தையே படைத்த மகான்! அவர் உலகத்து மழைக்கு இன்னொரு குணமும் உண்டு: பட்டதையெல்லாம் நொடியில் கிழடாக்கிவிடும். உலகமே இதைக் கற்பனையின் உச்சம் என்றது. எங்கள் தெருக்காரர்கள் யாரும் அசரவில்லை. போன ஐப்பசியில் போட்ட தார்ச்சாலை முதல் மழைக்கே நாற்பது வயது மூத்துப்போனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

செருப்பு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. செருப்பில்லாமல் மழையில் என்ன நடை? ரப்பர் செருப்பு போட்டு ஈரத்தெருவில் பத்தடி நடந்தாலே போதும், பின்னங்காலிலிருந்து சட்டைக் காலர் வரைக்கும் சேற்றுப் புள்ளி போட்டுவிடும். நமக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொண்டு வருவார்கள். இதற்காகவே மழைநாளில் வெள்ளை வேட்டிக்காரர்கள், ஒரு கையில் குடையும் ஒரு கையில் வேட்டி நுனியுமாக, கட்டைவிரலால் செருப்பைக் கவ்விக்கொண்டு கொக்கு மாதிரி நடப்பார்கள். அப்போதுதான் வார் பிடுங்கிக்கொள்ளும். எத்தனையோ வெயில்நாள் இருக்க, செருப்பு வார் மழைநாளில்தான் பிடுங்கிக்கொள்ளும், அதுவும் தெருவின் நட்டநடுவில். உடனே அரைஞாணிலிருந்தோ தாலிக்கொடியிலிருந்தோ ஒரு ஊக்கு வரும். அந்த ஊக்கோடு அந்தச் செருப்பு இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும்.

ஊக்கு கிடைக்காதவனின் நிலைமைதான் பரிதாபம். முழங்கால் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு மிதந்து போகும். துரத்தினால் மானம் போகும், விட்டால் நூற்றைம்பது ரூபாய் போகும். நான் எப்போதும் துரத்துகிற கட்சி. மழை விட்ட மறுநாள் காலையில் தெருமுனைச் சல்லடைக் கம்பியருகே போய்ப் பாருங்கள், கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும். தெரு மொத்தத்தின் செருப்பும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். ஆளாளுக்கு ஒற்றைக்காலில் நின்று மற்றொன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்தோடு நான் மனம்விட்டுப் பேசிய ஒரே சந்தர்ப்பம் அது. ஷூ கட்சிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஷூவுக்குள் நாளிதழைத் திணித்துக்கொண்டிருப்பார்கள்.

நிஜமான மழைக்காட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வால்பாறைக்கு ஒருமுறை ஆடி மாதம் போயிருந்தேன். அட்டை இருக்கும் என்று கூட வந்தவர் காலுறைமேல் புகையிலைத்தூளைத் தேய்த்துவிட்டார். நடந்தது அரைமணி நேரம். திரும்பி வந்ததும், 'மரமெல்லாம் பாத்தீங்களா, எப்படி?' என்றார். நான் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. அரைமணி நேரமும் பார்த்தது என் இரண்டு கால்களைத்தான். புகையிலையையும் மீறி நான்கு ஏறிவிட்டிருந்தன. ஐந்தாவதை ராத்திரி சாப்பிடும்போது கண்டுபிடித்தேன்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். மழையில் நடக்கிறவன் வானத்தைப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறான். காலை எடுத்துவிட்டால் அது நடையே இல்லை, தள்ளுவண்டியில் போவது. திரையில் காட்டும் காடு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஹோ மழைக்காட்டைப் பார்த்து வரைந்தது போல இருக்கிறது. அங்கே வருஷத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குச் சுமார் 1,400. நம்மைப்போல் இரண்டரை மடங்கு மழையை வாங்கிக்கொண்டு, அங்கே காட்டுக்குள் பாதை போட்டு, ஜனங்களை நிம்மதியாக நடக்கவிடுகிறார்கள். எங்கள் தெருவில் நிழற்குடை, மின்பெட்டி, பைக்குகள், இட்லிக்கடை பெஞ்சு போக நடைபாதையில் மிச்சமிருப்பது ஒரு ஜாண். அதிலும் வடிகாலுக்கென்று தோண்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் குழி எது, சாலை எது என்று தெரியாது. யாரோ புண்ணியவான் ஒரு முருங்கைக்கிளையை ஒடித்துக் குழியோரம் நட்டுவைத்தார், ஆபத்து என்று காட்ட. மூன்று வாரமாகக் குழியை மூட ஒருவரும் வரவில்லை. கிளை துளிர்த்துவிட்டது. காய்த்தால் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்குள் பேச்சு நடக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த ஊர் இது. இந்த ஊரில் மழையென்றால் ஜனங்கள் மாடியிலிருந்து முதலில் துணியை எடுப்பார்கள், அடுத்தபடியாகப் பைக்கை மேட்டில் ஏற்றுவார்கள். நடக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள். அதனால்தான் 600 ரூபாய் கொடுத்து நடையை வாங்கவேண்டியிருக்கிறது. அதையும் கால் இல்லாமல் விற்கிறார்கள்.

கோபம் வந்துவிட்டது. மன்னிக்கவும். டென்ஷனைக் குறைக்கத்தான் இந்த விளையாட்டு.

இரண்டாவது குறை, மழை. இந்த விளையாட்டுகளில் காடு முழுக்க மழை பெய்வதில்லை. அவ்வளவு துளிகளைக் கணினி தாங்காது. பார்க்கிறவனைச் சுற்றி ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் பெய்யவிட்டு, அவன் நகர நகர அந்தப் பெட்டியையும் கூடவே நகர்த்துவார்கள். நல்லவர் ஒருவர் இருந்தால் ஊருக்கெல்லாம் மழை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே ஊருக்கு ஒரு சொட்டு கிடையாது, எனக்கு மட்டும் விடாமல் கொட்டுகிறது. நான் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அதோடு அந்த மழைக்கு வாசம் இல்லை. மண்வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் அந்த வாசனையைச் சுட்ட மண்ணிலிருந்து வடித்து, அத்தராகக் குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். காட்டை வரைய இத்தனை பாடுபடுகிறவர்கள் கூடவே ஒரு குப்பி வைத்துக் கொடுத்தால் என்ன?

இதை எழுதிவிட்டு, சரி, மூன்றாவது குறையைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு காட்டைத் திறந்தேன். கூடத்தில் உட்கார ஜமக்காளத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறினேன். அப்போது வந்தது ஒரு வாசம். மண்ணும் இல்லை, பெரணியும் இல்லை. ஒரு நாள் முழுக்கக் காயாத தடித்த துணிக்கென்று ஒரு நெடி உண்டே, அது. அந்தக் காடு முதல்முறையாக நிஜமாக நாறியது. திடீரென்று காலில் சில்லென்றும் பட்டது. குனிந்து பார்த்தேன். கால் இருந்தது. இரண்டும் இருந்தன. ஜமக்காளத்திலிருந்து வடிந்து தேங்கிய குட்டையில் கணுக்கால் வரை நனைந்துகொண்டு.

ஹெட்போனை மறுபடியும் பிடுங்கினார்கள்.

"கால் இருக்குல்ல? எழுந்து போய் அந்த மாப்பை எடுத்துக்கிட்டு வாங்க."