வாங்கின விலைக்காரர்

பழைய பேப்பர்க்காரரிடம் இவர் வாதாடமாட்டார். தராசை மட்டும் ஒரு கண் பார்த்துவிட்டு, கொடுத்த காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வருஷக்கணக்கில் ஓட்டிய ஸ்கூட்டரை மெக்கானிக் சொன்ன ரேட்டுக்கே தள்ளிவிட்டவர். கட்டில், கிரைண்டர், தையல் மெஷின் எதுவானாலும் ‘இடம் காலியானால் சரி’ என்கிற பெருந்தன்மை உண்டு. ஆனால் பீரோவுக்கு மேலே பையோடு படுத்திருக்கும் பழைய லேப்டாப்பை விற்றுவிடலாமே என்று வீட்டில் யாராவது வாய்விட்டால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், அம்பத்தூர் என்று சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாகச் சின்னதாய் ஒரு கன்சல்டன்சி. எந்தச் சாமானுக்கும் பில் கேட்டு வாங்குவார், வாங்கியதைக் கிழிக்கமாட்டார்.

கருமி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவர் கருமி இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் சொல்லிக்கொடுத்த பொருளாதாரம் ஒன்றே ஒன்றுதான்: பத்திரமாக வைத்திருந்தால் விலை ஏறும். பாட்டியின் காசுமாலை ஏறியது. வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது என்று சிரித்தவர்கள் முன்னால் வாங்கிய கால் கிரவுண்டு ஏறியது. பரணில் கிடந்த பித்தளை அண்டாவுக்குக்கூடப் பாத்திரக்கடைக்காரன் எடைக்கு எடை காசு கொடுத்தான். துணி சுற்றி, கைபடாமல் வைத்திருந்த பிறகும் தானாக விலை இறங்குகிற ஒரு பொருளை அவர் வம்சத்திலேயே யாரும் வாங்கியதில்லை. அதனால்தான் “அதிகமா யூஸே பண்ணல சார்” என்று அத்தனை பெருமையோடு சொல்கிறார். யூஸ் பண்ணியிருந்தால் கொடுத்த காசுக்கு வேலையாவது வாங்கியிருக்கலாம். அதை எப்படி அவரிடம் சொல்வது?

விளம்பரம் அவரே எழுதியது. ‘ஐ ஃபைவ் லேப்டாப். 8 ஜிபி ரேம். சிங்கிள் ஓனர். ஸ்க்ராட்ச் கிடையாது. பில், பாக்ஸ், பை அனைத்தும் உண்டு. விலை 34,000. சீரியஸான பார்ட்டிகள் மட்டும் அழைக்கவும். டைம்பாஸ் பேர்வழிகள் வேண்டாம்.’ மகள் பார்த்துவிட்டு, ‘விலை பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாக அதை எடுத்துவிட்டார்.

34,000 எப்படி வந்தது என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் காகிதம், பேனா வரும். 2018 ஜூனில் வாங்கினது, 50,000 ரூபாய். ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி மாற்றியது 3,800. வருஷா வருஷம் ஆன்டிவைரஸ் புதுப்பித்தது, கீபோர்டுக்கு ரப்பர் உறை, மௌஸ் இரண்டு (ஒன்று பேரன் உடைத்தது, அதுவும் கணக்கில் உண்டு), ஒரு தடவை காப்பி கொட்டியதில் சர்வீஸ் செலவு. எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரம். “அதுல நேர் பாதி சொல்றேன் சார். இதுக்கு மேல இறங்கினா அது வியாபாரம் இல்ல, தர்மம்.” காப்பி கொட்டிய செலவையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து காப்பி வந்துவிடுகிறது.

இதே லேப்டாப்புக்கு அவரிடமே இன்னொரு விலையும் இருக்கிறது. கன்சல்டன்சி கணக்கில் வாங்கியதல்லவா? வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். முதல் வருஷ முடிவில் 50,000 முப்பதாயிரமாகும். அடுத்த வருஷம் 18,000, அப்புறம் 10,800, அப்புறம் 6,480. இப்படியே தேய்ந்து 2025 மார்ச்சில் அதன் மதிப்பு சுமார் 1,400 ரூபாய். அந்தக் கணக்கின் கீழ் ‘எனக்குத் தெரிந்தவரை உண்மை’ என்று கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். சர்க்காருக்கு 1,400, சனங்களுக்கு 34,000. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறார், ஒன்று மற்றொன்றோடு சண்டை போட்டதே இல்லை.

ஐ ஃபைவ் என்பது அவருக்குக் குலப்பெருமை மாதிரி. “ஐ த்ரீ இல்ல சார், ஐ ஃபைவ்” என்று சொல்லும்போது முதுகு நிமிரும். எத்தனாவது ஜெனரேஷன் என்று கேட்டால்தான் குரல் இறங்கும். ஏழாவது. அவர் வாங்கிய சமயத்தில் எட்டாவது கடைக்கு வந்தாகிவிட்டது. தேங்கிப்போன சரக்கைக் கடைக்காரர் ‘இதுதான் நல்லா ஓடும் சார்’ என்று இவர் தலையில் கட்டிவிட்டார். அந்த ஏழாவதில், லேப்டாப்புக்கென்று வந்த பெரும்பாலான ஐ ஃபைவுக்குள் இருப்பது இரண்டே கோர். எட்டாவதில் அது நாலானது. சில வருஷம் கழித்து வந்த சாதாரண ஐ த்ரீகூட இவருடைய ஐ ஃபைவை ஓரமாக உட்காரச் சொல்லும். போதாததற்கு, விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அனேகமாக எதையும் வாசலிலேயே நிறுத்துகிறது. விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது.

ஒரு நாள் ஒரு பையன் வந்தான், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கூடவே அப்பா, மடியில் ஹெல்மெட்டோடு.

“பதினொன்னு ஏறுமா சார்?”

“நீ ஏத்தினா ஏறும் தம்பி. எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு.”

பையன் பதில் பேசவில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினான். பேட்டரியின் ஜாதகமே வந்து விழுந்தது: ஆலையில் செய்தபோது 41,000 மில்லிவாட்-அவர், இப்போது முழுக்க ஏற்றினாலும் 15,000 சொச்சம். இப்படி ஒரு அறிக்கை தன் லேப்டாப்புக்குள்ளேயே இருந்து தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. “அது சும்மா அப்படித்தான் காட்டும்” என்றார்.

அப்போதுதான் வீட்டு மாமி முறுக்குத் தட்டோடு வந்தார். “கரண்ட் போனா அதுவும் போயிடும், தம்பி. ஒயரைச் செருகியே வெச்சுக்கோ. அப்புறம் அந்த ‘ஆர்’ இருக்கு பாரு, அதை மட்டும் ரெண்டு தடவை அழுத்தணும். மத்தபடி தங்கமான பொட்டி.”

பையனின் அப்பா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்விட்டு, மரியாதைக்கு, “கடைசியா என்ன சார் சொல்றீங்க?” என்றார். “உங்களுக்காக முப்பத்திமூணு எண்ணூறு.” அவர்கள் எட்டாயிரம் என்றார்கள். “எட்டாயிரத்துக்கு எங்க மாமாவுக்கே தரமாட்டேன்” என்றார் இவர். அவர் மாமா எட்டாயிரத்துக்கு எதையும் வாங்கியவரில்லை, அது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால் அவர்கள் சொன்ன எட்டாயிரத்தில் தப்பில்லை. பழைய லேப்டாப்பின் விலையை வாங்கின பில்லிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வரக்கூடாது. அதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும் என்று ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு, அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கட்டுக்கட்டாகக் கழிக்கிற லேப்டாப்புகள் அங்கே துடைத்து, பேட்டரி பார்த்து, சில மாத வாரண்டியோடு அடுக்கியிருக்கின்றன. விண்டோஸ் 11 ஏறுகிற சரக்கு. நம்மிடம் வாரண்டி கிடையாது, பேட்டரி கிடையாது, ‘ஆர்’ பாதிதான் இருக்கிறது. கடை விலையில் பாதி கிடைத்தாலே பெரிது. மற்றவர்கள் விளம்பரத்தில் போடுகிற விலையைப் பார்த்து மயங்குவதும் வீண். அவையெல்லாம் விற்காமல் கிடப்பதால்தான் இன்னும் கண்ணில் படுகின்றன. இவருடைய லேப்டாப்புக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் கடன்பட்ட சொந்தக்காரராக.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மைத்துனர் தன் லேப்டாப்பை, அதுவும் இரண்டே வருஷத்துச் சரக்கை, இவரிடம் விற்க வந்தார். இவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திறந்து மூடிக் காதை வைத்துக் கேட்டார். “எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வாசல்படி தாண்டினாலே பாதி விலை போச்சு மாப்ளே. இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட அவன் ரெண்டு பழம் குறைச்சுத்தான் குடுப்பான்” என்று தொடங்கி, தேய்மானம், தலைமுறை, பேட்டரி, வாரண்டி என்று ஒன்றுவிடாமல் பேசி மைத்துனரை அழவிட்டார். அவ்வளவு தெளிவான சந்தை அறிவை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

வாங்குகிறவர்கள் வருவது மெல்ல நின்றுபோனது. மாமிக்கு பீரோ மேலே நவராத்திரி பொம்மைப் பெட்டி வைக்க இடம் வேண்டும். எப்படியும் அவரே இறங்கி வருவார் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்த நேரத்தில், 2025 கடைசியில், அந்தச் செய்தி வந்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறுகிறது. செய்தியைச் சத்தம்போட்டு, இரண்டு தடவை, சமையலறைக்குக் கேட்கும்படி வாசித்தார். “நான் சொன்னேன்ல? வெச்சிருந்தா ஏறும்னு?” அன்று சாயங்காலமே விளம்பரத்தில் 34,000ஐ அடித்து 36,000 ஆக்கினார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், அந்த லேப்டாப்ல எட்டு ஜிபி ரேம்னு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் தனியாத் தருவீங்களா? என்ன ரேட்டு?”

“முப்பத்தாறு” என்றார், யோசிக்காமல். “மீதி லேப்டாப்பை ஃப்ரீயா எடுத்துக்கோ.”