அப்பளம் இரண்டாகவே இருக்கட்டும்

திருச்சியில் ஒரு நடுத்தரக் குடும்பம் கல்யாணச் செலவைக் குறைக்க நினைத்தால், முதலில் அத்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அது நம் கையில் இல்லை. எனக்கு மூன்று அத்தைகள். மூவருக்கும் முட்டி வலி உண்டு, மறதி கிடையாது. 1984-ல் சாப்பிட்ட ஒரு கல்யாணப் பாயசத்தில் அடிப்பிடித்த வாடை வந்ததை, மூத்த அத்தை இன்றைக்கு அந்தத் தம்பதியின் பேரனைப் பார்த்தாலும் சொல்லிக் காட்டுவார்.

என் மகள் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், உங்கள் பி.எஃப். பணத்தில் கை வைக்கவும் விட மாட்டேன் என்று நிச்சயம் ஆன அன்றே சொல்லிவிட்டாள். அவள் போட்ட முதல் பட்ஜெட்டில் இரண்டு மாலை, ஒரு தாலி, இருபது காப்பி இருந்தன. அதற்குச் சட்டமும் கையில் வைத்திருந்தாள். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ல், இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. உற்றார் நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும்.

மூத்த அத்தை பொறுமையாகக் கேட்டார். "மாத்திக்க கண்ணு. யாரு வேணாம்னா? மாலையை மாத்தினதும் பந்தியில என்ன போடுறீங்க?"

அந்தக் கேள்விக்கு அண்ணாவின் திருத்தத்தில் பதில் இல்லை.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' நாவலில் எல்லாச் செலவையும் ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி ஏற்றுக்கொள்வாள். எங்கள் உறவில் அப்படி யாரும் இல்லாததால் தேதியிலிருந்தே சிக்கனத்தைத் தொடங்கினோம். ஆடி, புரட்டாசி, மார்கழியை நம் ஆட்கள் ஒதுக்கிவிடுவார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரும் நாளுக்கு ஒரு வருஷம் முன்பே மண்டபம் போய்விடும். மார்கழியில் கேட்டால் மண்டபக்காரர் நமக்கு வாடகை தருவார் என்று மகள் சொன்னாள். என் மனைவி அவளைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. கடைசியில் தை மாதத் தேய்பிறையில் ஒரு புதன்கிழமை கிடைத்தது. வாடகை கிட்டத்தட்டப் பாதி. புதன்கிழமையா என்று அத்தை முகம் சுளித்தார். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு நீங்கதானே அத்தை சொல்வீங்க?" என்றேன். தன் பழமொழி தனக்கே திரும்பி வந்ததில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பழமொழியால் பணம் மிச்சமானது அதுதான் முதல் தடவை.

ஆனால் மண்டப வாடகை என்பது வாசல் வரைக்குமான தொகை. கரண்ட்டுக்கு மீட்டர் பார்ப்பார்கள். ஜெனரேட்டருக்கு டீசல், பாத்திரத்துக்கு வாடகை, கூட்டுவதற்கு ஒன்று, குப்பை அள்ளுவதற்கு ஒன்று என்று போய், எல்லாவற்றுக்கும் மேலே ஜி.எஸ்.டி. 18 சதவீதம். "அப்ப வாடகையில என்னதான் சார் அடங்கும்?" என்று மானேஜரைக் கேட்டேன். நேர்மையான மனிதர், யோசித்துப் பார்த்துவிட்டு, "காத்து வரும் சார்" என்றார். ஃபேன் போடாத காற்றைத்தான் சொன்னார்.

மேடை விஷயத்தில் மகள் ஒரு வேலை செய்தாள். எங்களுக்கு முந்தின முகூர்த்தத்தை எடுத்திருந்த குடும்பத்தைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர்கள் மதியம் காலி செய்ய, நாங்கள் மூன்று மணிக்குச் சாவி வாங்குவதாக ஏற்பாடு. ஒரே மேடை, ஒரே துணி மடிப்பு, ஒரே துணிப் பூ, செலவில் ஆளுக்குப் பாதி. நடுவில் தெர்மாகோல் எழுத்துகள் மட்டும் மாறின. அவர்கள் பெண் பெயரிலும் என் மகள் பெயரிலும் முதலெழுத்து ஒன்றாக இருந்ததால், டெக்கரேஷன்காரர் அந்த ஒரு எழுத்தைக் கழற்றவே இல்லை. அதற்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

எல்.இ.டி. திரை, ட்ரோன், செண்டை மேளம், பன்னீர் தெளிக்க ஒரே நிறப் புடவையில் நான்கு பெண்கள், சாக்லேட் வழியும் நீரூற்று, வயல்வெளியில் குடை பிடித்து எடுக்கும் முன்படப்பிடிப்பு எல்லாவற்றையும் மகள் ஒரே மூச்சில் அடித்தாள். தாளில் லட்சக்கணக்கில் இறங்கியது. தலை மேல் கூரை இருக்கிற மண்டபத்தில் ட்ரோன் எங்கே பறக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். ஆச்சரியம் என்னவென்றால், இதில் எதையும் அத்தைகளோ சம்பந்தி வீட்டாரோ வேறு யாருமோ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பெரிய செலவை வெட்டினால் ஒருவருக்கும் தெரிவதில்லை. பிரச்சினை எல்லாம் சில்லறையில்தான்.

பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று மகள் அழகாக ஒன்று தயாரித்தாள். அதைப் பார்த்த நடு அத்தை, "போன்ல வந்த கல்யாணத்துக்கு நானும் போன்லயே வந்துட்டுப் போறேன்" என்றார். அச்சடித்தோம். மூலையில் மஞ்சள் தடவிய எளிமையான பத்திரிகை, ஒன்று பன்னிரண்டு ரூபாய். அதை மணப்பாறையில் இருக்கிற ஒரு பெரியப்பாவிடம் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் நீட்ட ஆன பெட்ரோலுக்கு ஐம்பது பத்திரிகை அடித்திருக்கலாம். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலைச் சுருக்கப் பார்த்தோம். பெயர் போடுவதற்குப் பைசா செலவில்லை, எடுப்பதற்குத்தான் செலவு. ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், அவரைச் சமாதானம் செய்ய ஒரு வேட்டி சட்டை வாங்க வேண்டி வந்தது.

பூவும் அப்படித்தான். தையில் பனி விழுவதால் மல்லிகை வரத்து குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூக்கடைகளில் விலை கேட்டால் அவர்களே கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறார்கள். மாலைக்குச் சம்பங்கி என்றால் எல்லோருக்கும் சம்மதம். வரவேற்பில் வருகிற பெண்களுக்குக் கொடுக்கும் துண்டுப் பூ மட்டும் மல்லிகையாகவே இருக்க வேண்டுமாம். சாமந்தி கொடுத்தால் என்ன என்று கேட்டு நான் ஒரு மாலை நேரத்தை இழந்தேன்.

நகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிராம் விலை ஊருக்கெல்லாம் ஒன்று, சேதாரம்தான் ஆளுக்குத் தகுந்தபடி. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும். தங்கத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், அதில் பேரம் கிடையாது. ஆகவே என் மனைவி பெரியகடை வீதியில் உட்கார்ந்து சேதாரத்தில் மட்டும் பேசினாள். அவள் எழுந்தபோது விற்பனைப் பையனுக்கு வியர்த்திருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

இனி சாப்பாடு. இதில் இரண்டு வழி. இலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விடலாம், அல்லது மளிகையை நாமே காந்தி மார்க்கெட்டில் வாங்கிப் போட்டு மாஸ்டருக்குக் கூலி மட்டும் கொடுக்கலாம். இரண்டாவதுதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள், மாஸ்டரின் லிஸ்ட்டைப் பார்க்கும் வரை. முந்திரி எழுதியிருந்த கணக்குக்குச் சாம்பாரிலும் போட்டால்தான் தீரும். எனவே காண்ட்ராக்ட். அதிலும் உஷாராக இருக்க வேண்டும். இலைக்கட்டைப் பந்திக்கு முன்னால் ஒரு தடவையும் முடிந்தபின் மிச்சத்தை ஒரு தடவையும் எண்ணாவிட்டால், வராத விருந்தாளிகளும் சாப்பிட்டிருப்பார்கள். இந்தப் பொறுப்பை என் மச்சானிடம் கொடுத்தோம். தங்கச்சி மகள் கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்க்காமல், டைனிங் ஹால் ஓரத்தில் நின்று வாழை இலை எண்ணிய தாய்மாமன் தமிழ்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

காண்ட்ராக்ட்காரர் பேச்சுவாக்கில் ஒரு யோசனை சொன்னார். இலைக்கு இரண்டு அப்பளத்துக்குப் பதில் ஒன்று போட்டால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எக்செல்லில் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் மகள் உள்ளே போட்டுவிட்டாள். அன்று இரவு மூன்று அத்தைகளும் தனித்தனியே போன் செய்தார்கள். "ஒத்தை அப்பளம்னா அது ஓட்டல் சாப்பாடுடா." "சாம்பாருக்கு ஒண்ணு, பாயசத்துக்கு ஒண்ணு, இது தெரியாதா உனக்கு?" கடைக்குட்டி அத்தை அப்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்கப்பன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து மூக்கைச் சிந்தினார். அவ்வளவு பெரிய எல்.இ.டி. திரையைச் சத்தமில்லாமல் எடுத்த எங்களால் ஒரு அப்பளத்தை எடுக்க முடியவில்லை. விடிவதற்குள் அதைத் திரும்ப வைத்தோம்.

தாம்பூலப் பையில் மட்டும் தப்பித்தோம். பட்டுத்துணிப் பைக்குப் பதில் சாதா மஞ்சள் பை. முன்பென்றால் கஞ்சத்தனம் என்று கரூர் வரை பேசியிருப்பார்கள். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிய புண்ணியத்தில், அது சுற்றுச்சூழல் அக்கறையாகிவிட்டது. சம்பந்தியே பாராட்டினார். உள்ளே தேங்காய் முழுசாக இருந்ததா என்று கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாராட்டினார்.

கல்யாணத்தைப் பதிவு செய்வது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அந்தக் கட்டணம் ஒன்றில்தான் எந்த அத்தையும் கருத்துச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் மொய் நோட்டை விரித்தோம். ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர்கள். மச்சான் கூட்டிப் பார்த்து, "பாதிச் செலவு வந்துருச்சு மாப்ள!" என்று குதித்து எக்செல்லில் வரவுப் பக்கம் ஏற்றினார். மகள் மறுவீட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும், காரில் ஏறுவதற்கு முன் மடிக்கணினியைத் திறந்து அந்தத் தொகை முழுவதையும் கடன் பத்திக்கு மாற்றிவிட்டுத்தான் போனாள். முதல் வரியில் மூத்த அத்தை, இரண்டாயிரத்தொன்று. எதிரில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியும் போட்டிருக்கிறாள். அத்தையின் பேத்திக்கு வரும் ஆவணியில் கல்யாணம். வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை, செண்டை மேளம் உண்டாம்.