மாதிரி தேறியது, கோப்பு தேறவில்லை

2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் 'ஐடெக்ஸ்' திட்டம் பிறந்தது. படைகளுக்குப் புதுக் கருவி உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம். பின்னர் வந்த பிரிவுகளில் உச்சவரம்பு 10 கோடி, 25 கோடி என்று ஏறியது. கூடவே ஒரு நிபந்தனை: அரசு போடும் அளவுக்கு நிறுவனமும் போட வேண்டும். கையில் காசில்லாதவருக்கு உதவுவதற்கு முன், கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் முன்யோசனை இது.

வரிப்பணத்தைக் கேள்வி கேட்காமல் அள்ளிக் கொடுக்க முடியுமா என்பார்கள். முடியாதுதான், சியாச்சின் குளிரில் செயலிழக்கும் ட்ரோனை எவரும் வாங்கக் கூடாது. சோதனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் மாதிரி தேறிய பிறகும் விலைப் பேச்சு, நிதி ஒப்புதல் என்று கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்க வேண்டும். மானியம் மாதிரியோடு தீர்ந்துவிடும்; வங்கி வட்டியும் ஊழியர் சம்பளமும் தீராது. தேறினால் இத்தனை வாங்குவோம், இந்தத் தேதிக்குள் வாங்குவோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதுதான் நிஜமான ஆதரவு. கெடு விண்ணப்பதாரருக்கு மட்டும் என்றிருக்கும்வரை, எல்லைக்குக் கருவி போகிறதோ இல்லையோ, அடுத்த கண்காட்சிக்குத் தவறாமல் போகும்.