வாலும் வம்பும்

நாய் வளர்ப்பவர்களிடமிருந்து பாதிக் கடிதங்கள். அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து மீதிப் பாதி. இரண்டு தரப்புக்கும் இந்த முறை சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

*

நாய் நன்றியுள்ள பிராணி என்கிறார்கள். நாய் வளர்ப்பவர் எப்படி இருக்க வேண்டும்?
– வாசகர், தாம்பரம்

பக்கத்து வீட்டுக்காரரிடம் நன்றியோடு இருக்க வேண்டும். குட்டி வந்த புதிதில் ராத்திரி முழுக்க அது அழுததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர் அவர்தான்.

*

தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன். நான் நிமிர்வதற்குள் எதிர்வீட்டு லாப்ரடார் வந்து காலைத் தூக்கிவிடுகிறது. கேட்டால், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னம்மா தெரியும்?" என்கிறார் அந்த வீட்டுக்காரர்.
– வாசகி, மயிலாப்பூர்

வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதுதான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவருக்குத் தெரியுமே!

நாய் கோலத்தைப் பார்த்து வருவதில்லை. நேற்று தான் விட்டுப்போன வாடையை மோந்து வருகிறது. வாடை இருக்கும் வரை நாளைக்கும் அதே இடத்துக்கு வரும். அதனால் எதிர்வீட்டுக்காரர் செய்ய வேண்டியது சுலபம். வீட்டை விட்டு இறங்கியதும் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பத்து வாசல்களைத் தாண்டிக் காலி இடத்துக்குப் போய், அங்கே கயிற்றைத் தளர்த்த வேண்டும். சில நாளில் நாய் புது இடத்துக்குப் பழகிவிடும். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் வேண்டும். தப்பித் தவறி யார் வாசலிலாவது, பைக் சக்கரத்திலாவது போய்விட்டால் அங்கேயே ஊற்றிக் கழுவிவிட்டு நகரலாம்.

பெரிய சமாச்சாரம் இன்னும் முக்கியம். பழைய செய்தித்தாளோ ஒரு கவரோ எடுத்துப் போகாமல் நாயோடு வெளியே இறங்கவே கூடாது. "ரோட்டுலதானே போச்சு" என்கிறவர்கள், அந்த ரோட்டைக் காலையில் யார் கூட்டுகிறார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டு நாயின் மலத்தை இன்னொரு மனிதர் கூலிக்கு அள்ளுகிறார், பல சமயம் கையுறை கூட இல்லாமல். இதைவிட வெட்கக்கேடு உண்டா? அதில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகளும் இருக்கலாம். வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு அந்தப் புழுக்கள் தொற்றலாம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை, அம்மா. காலை ஆறு மணிக்கு, கோலம் கலைந்த கோபத்தில் பேசாதீர்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். அதே வார்த்தைகள் வேறு மாதிரி காதில் விழும்.

*

கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை மாட்டியிருக்கிறேன். அதற்கு மேல் என் பொறுப்பு என்ன?
– வாசகர், திருச்சி

எல்லாமே உங்கள் பொறுப்புதான். பலகை வந்தவரை எச்சரிக்கும், உங்களைக் காப்பாற்றாது. நாயைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் விட்டு அடுத்தவருக்கு ஆபத்து ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நாய் கடிக்கக் கூடியது என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சியாகவும் வரலாம். பலகைக்குப் பின்னால் ஒழுங்காகச் சாத்தும் கேட்டும் நல்ல தாழ்ப்பாளும் இருக்கட்டும். கேஸ் சிலிண்டர் போடுபவர், தபால்காரர், பால் பாக்கெட் போடும் பையன் இவர்கள் வரும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாய் உள்ளே இருக்கட்டும்.

*

மேல் ஃபிளாட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை அவர்கள் நாய் விட்டு விட்டுக் குரைக்கிறது. நான் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவன். சொன்னால், "எங்க டாமி குரைக்கவே குரைக்காதே" என்று சத்தியம் செய்கிறார்கள்.
– வாசகர், பெருங்குடி

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இருக்கும்போது டாமி குரைப்பதில்லை, அதனால் அவர்கள் கேட்டதுமில்லை. முதல் வேலையாக, இரண்டு மூன்று நாள் உங்கள் போனில் நேரத்தோடு பதிவு செய்யுங்கள். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்டால் எண்பது வீட்டுக்கு முன்னால் அவர்கள் மானம் போகும், அதற்குப் பிறகு நியாயம் பேச முடியாது. நேரில் போய்ப் போட்டுக் காட்டுங்கள். தன் நாய் நாள் முழுக்கத் தவித்ததைக் காதால் கேட்டால் எந்த வளர்ப்பவருக்கும் மனசு கலங்கும்.

இனி டாமியின் வீட்டாருக்கு. நாய் கூட்டமாக வாழும் பிராணி. பத்து மணி நேரம் தனியாகப் பூட்டி வைத்தால் அது அழத்தான் செய்யும். இன்னொரு காரணமும் உண்டு. கூரியர்காரர் மணி அடிக்கிறார், டாமி குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று டாமி நம்பிவிடுகிறது. தினமும் நாலு பேரை இப்படி விரட்டிய நாய் அடுத்த நாள் இன்னும் உற்சாகமாகக் குரைக்கும். ஆகவே வாசல் பக்கத்து அறையில் அதை விடாதீர்கள். வராந்தா பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், ஒரு ரேடியோவை மெல்லிய சத்தத்தில் ஓட விடுங்கள். ஆபீஸ் கிளம்பும் முன் முக்கால் மணி நேரம் நன்றாக நடத்துங்கள். களைத்த நாய் தூங்கும். மெல்லக் கொறிக்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள். மத்தியானம் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதே மாடியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சம்மதிக்கவும் கூடும்.

இதெல்லாம் முடியாது என்றால்? அந்த வேலையும் அந்த நேரமும் இருக்கும் வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது. கசப்பான பதில்தான், ஆனால் டாமியின் நன்மைக்கும் அதுவே.

*

எங்கள் அபார்ட்மென்ட் பொதுக்குழுவில் பெரும்பான்மை வாக்கில், "நாய் வளர்ப்போர் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது" என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் ஏழாவது மாடி. நாய்க்கு வயது பன்னிரண்டு.
– வாசகி, கோவை

தீர்மானம் செல்லாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெரும்பான்மை சேர்ந்து முடிவெடுத்தாலும் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்டை மறுக்கவும் முடியாது. 1962இல் சென்னையில் தொடங்கி, ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்ட வாரியம் அது. அந்த வழிகாட்டுதல்களைப் பிரதி எடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள்.

கொடுத்துவிட்டு, அந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்றும் விசாரியுங்கள். நாய் என்றாலே நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் கடிபட்டவராக இருக்கலாம். "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று அவரிடம் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. லிஃப்டில் ஏற்கெனவே ஆள் இருந்தால், "வரலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த முறை ஏறுங்கள். ஏறினால் நாயை மூலையில் நிறுத்தி, அதற்கும் மற்றவருக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். உரிமை உங்கள் பக்கம் இருக்கும்போதுதான் இந்த மரியாதைக்கு மதிப்பு அதிகம்.

*

என் நாயின் பல் பக்கத்து வீட்டுப் பையன் கையில் லேசாகப் பட்டுவிட்டது. ஊசி போட்ட நாய்தான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், மதுரை

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பையனைக் குழாயடிக்கு அழைத்துப் போங்கள். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஒரு தவணையையும் விடக் கூடாது. ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் நாயின் தடுப்பூசிச் சான்றிதழை அவரிடம் காட்டுங்கள். நாயைப் பத்து நாள் கண்காணியுங்கள். அதன் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. அறிகுறி வருவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் அநேகமாக யாரும் சாவதில்லை. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907லிருந்து இருக்கும் மாநிலத்தில் வாழ்கிறோம். இன்னமும் ஒரு குழந்தை நாய்க்கடியால் இறப்பதை நம்மால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்?

ஆஸ்பத்திரிக்குப் பையனை அவன் பெற்றோர் மட்டும் அழைத்துப் போகக் கூடாது. நீங்களும் கூடப் போங்கள், ஒவ்வொரு தவணைக்கும். ஆட்டோக் காசும் உங்களுடையது. கடித்தது உங்கள் நாய்.

*

இரண்டு படுக்கையறை ஃபிளாட், சென்னை. ஹஸ்கி வாங்கலாமா, ராஜபாளையம் வாங்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

இரண்டும் வேண்டாம். ஹஸ்கியின் இரட்டை அடுக்கு முடி சைபீரியப் பனிக்காக வளர்ந்தது. அதற்குச் சென்னை மே மாதம் தண்டனை. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நாய். ஓட நிலம் இல்லாத இடத்தில் அவற்றைப் பூட்டுவது பாவம். அந்தப் பாவத்தின் பலனைக் குரைப்பாக அனுபவிப்பவர் கீழ்வீட்டுக்காரர்.

தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றைத் தத்தெடுங்கள். நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் ஏற்றது. மூன்று மாத வாக்கில் முதல் வெறிநோய் ஊசி, பிறகு ஊக்க ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் ஒன்று கவனியுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. கண் திறந்த கையோடு குட்டியை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

*

சென்னையில் வீட்டு நாய்க்கும் லைசென்ஸ் வேண்டுமாமே?
– வாசகி, வேளச்சேரி

ஆமாம். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் மாநகராட்சி அறிவித்து, மைக்ரோசிப் பொருத்தவும் முகாம்கள் நடத்தியது. தொலைந்த நாய் வீடு திரும்ப அந்தச் சிப் உதவும். உடனே செய்யுங்கள்.

*

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே ஏழெட்டுத் தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறார். ஸ்கூல் வேனில் ஏற என் மகள் பயப்படுகிறாள்.
– வாசகர், சேலம்

அக்காவின் கருணையைக் குறை சொல்ல மாட்டேன். சோறு போடும் இடம்தான் தவறு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, வார்டுதோறும் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தெருக்கோடியில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையை இருவருமாகப் போய்ப் பாருங்கள். வேன் வந்து போன பிறகு ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் சோறு வைக்கும் கையைத்தான் நாய்கள் நம்பும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் வண்டி வரும்போது அவற்றைப் பிடித்துக் கொடுக்க உங்களால்தான் முடியும். காதில் சின்ன வெட்டு இல்லாத, அதாவது இன்னும் கருத்தடை ஆகாத நாய் எது எதுவென்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

*

எங்கள் தெருவில் ஒருவர், "பிஸ்கட்ல மருந்து வச்சாத்தான் சரிப்படும்" என்று வெளிப்படையாகவே பேசுகிறார்.
– வாசகி, வேலூர்

விலங்கைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. இதை நாலு பேர் முன்னிலையில் அவரிடம் சொல்லுங்கள். அதே பிஸ்கட்டை ஒரு குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். பேச்சு அதன் பிறகும் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

*

பக்கத்து வீட்டு நாய் மொட்டை மாடியில், ஒரு முழச் சங்கிலியில், நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது. தலையிடலாமா?
– வாசகர், ஈரோடு

தலையிட வேண்டும். நாயைக் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப் போடுவதும், தண்ணீரும் நிழலும் தராமல் இருப்பதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தத் தொகை மாறாதது வேதனை. அதனால் சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தண்ணீர்ச் சட்டியும் ஒரு பழைய ஓலைத் தட்டியும் எடுத்துக்கொண்டு போய், "இதை மேலே வச்சிடட்டுமா?" என்று கேளுங்கள். மறுத்தால் போட்டோவோடு புகார்.

*

நாயால் வந்த சண்டையில் அடுத்த வீட்டோடு பேச்சே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தப்பு. யார் முதலில் பேசுவது?
– வாசகர், கும்பகோணம்

நாய் வைத்திருப்பவர்தான். நாயை விரும்பி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். அடுத்த வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. நாய் உங்களுடையது என்றால் இன்று சாயங்காலமே போய்க் கதவைத் தட்டுங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.