கூட்டம் ஆகாதவர்

அந்தமானுக்குப் போய் வந்ததை இவரிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. “எங்கே, ஹேவ்லாக்கா?” என்பார். ஆமாம் என்று தலையாட்டினால் போச்சு. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துவிட்டுக் கசங்கி வந்தவரைப் பார்ப்பதுபோல் ஒரு பரிதாபப் பார்வை கிடைக்கும்.

இத்தனைக்கும் இவர் முதன்முதலில் போனது எல்.டி.சி.யில். மத்திய அரசு ஊழியர்கள் அந்தமானுக்கு விமானத்திலேயே போகலாம் என்று சலுகை வந்ததும் இவருடைய ஆபீசில் பாதிப் பேர் கிளம்பினார்கள். இவரும் கிளம்பினார். மற்ற எல்லோரும் கூட்டம்; இவர் மட்டும் பயணி. அப்படித்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

டைம் பத்திரிகை 2004-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியதை அவர் மன்னித்ததே இல்லை. 2018-இல் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவை ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றியபோது ஊரில் ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். நம்மவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது: பழைய பெயரைத் தேடிக் குழம்பி நாலு பேராவது வராமல் இருக்கலாம். வந்தார்கள்.

500-க்கு மேல் தீவு இருக்கிறதே, ஒன்றில் ஒதுங்கக் கூடாதா என்றால், மக்கள் குடியிருப்பது நாற்பதுக்கும் குறைவான தீவுகளில்தான். மற்றவற்றில் அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது. ஆகவே இருப்பதற்குள் தரம் பிரித்து வைத்திருக்கிறார். ஹேவ்லாக் ‘அவ்வளவுதான்’. நீல் ‘ஒருகாலத்தில் நல்லா இருந்தது’. ரங்கத் பக்கம் எரட்டா ஜெட்டியில் படகு பிடித்துப் போகிற லாங் ஐலண்ட் ‘இப்போதைக்குப் பரவாயில்லை, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’. கப்பலில் மணிக்கணக்காக ஆடிக்கொண்டே போய் ஹட் பே துறையில் இறங்குகிற லிட்டில் அந்தமான் ‘அது வேற லெவல்’. போகிற வழியில் வாந்தி எடுத்திருந்தால் ஒரு படி கூடுதல் மதிப்பு.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றதை அவர் கல்யாண வீட்டுப் பந்தியில், இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி சொல்வார்.

தங்குமிடத்துக்குப் போன் போடும் அழகு தனி. ஊரில் மற்றவர்கள் என்ன இருக்கிறது என்று கேட்டால், இவர் என்ன இல்லை என்று கேட்பார்.

“டிவி இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்ப வேண்டாம்.”

இன்னொரு இடத்தில் டிவி, ஏசி, நெட் எதுவும் கிடையாது என்றார்கள். இவர் பூரித்து அட்வான்ஸ் அனுப்பப் போகையில், அந்த நல்ல மனிதர் ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார்: “கவலைப்படாதீங்க சார், நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் போட்டுடுவோம்.”

நெட் என்றதும் 2020 ஆகஸ்ட் ஞாபகம் வந்து முகம் சுருங்கும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்துப் போர்ட் பிளேருக்குக் கொடுத்த மாதம் அது. அங்கோடு நிறுத்தியிருக்கலாம். லாங் ஐலண்டுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் சேர்த்து இழுத்தார்கள்; தேடித் தேடி அவர் லிஸ்டில் இருப்பதாகவே பார்த்து! ஆனால் ஆளில்லாத மணலில் தன் காலடித்தடத்தை மட்டும் படம்பிடித்துக் குடும்ப குரூப்பில் போட முடிவது அந்தக் கேபிளின் தயவில்தான். சிக்னல் சுணங்கினால் ஜெட்டி முனை வரை நடந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் மனைவி வேறு ரகம். அதிகம் பேசமாட்டார், படகு டைம்டேபிளைப் படிப்பார். நீல் தீவில் பரத்பூர் கடற்கரையைப் பார்த்த அறை எடுத்திருந்தார்கள். ஜெட்டிக்குப் பக்கத்துக் கடற்கரை. காலைப் படகு வந்ததும் கண்ணாடி அடித்தளப் படகுகள், தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்கள், இளநீர்க் கடைகள், “மம்மி, இங்க பாரு” என்று நாலைந்து மொழியில் பிள்ளைகள். மதியத்துக்குள் நம்மவர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

“ஏங்க, சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்களேன். வந்தவங்க எல்லாம் மத்தியானப் படகுல திரும்பிடுவாங்க. தங்குறவங்க சூரியன் மறையறதைப் பார்க்க லக்ஷ்மண்பூர் போயிடுவாங்க. இங்க ஒரு ஈ காக்கா இருக்காது.”

சரியான கணக்கு. இந்தத் தீவுகளில் அமைதி என்பது பெரும்பாலும் இடத்தைப் பொறுத்ததல்ல, படகைப் பொறுத்தது. கடிகாரம் நம்முடையதே ஆனாலும் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடப்பதால், டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். காலை ஐந்தரைக்கெல்லாம் உதித்தும்விடும். சுற்றுலா வந்தவன் எவன் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறான்? விடிகாலையில் ராதாநகருக்கே போனாலும், டைம் பத்திரிகை பார்த்த கடற்கரை கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். இதையெல்லாம் அந்தம்மா ஒருதரம் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த கடற்கரையில், அதுவும் டைம்டேபிள் பார்த்து அடைகிற அமைதி ஒரு அமைதியா என்று நம்மவர் கிளம்பி, ஆளில்லாத இடம் தேடி வாடகை ஸ்கூட்டரில் தீவை வலம் வந்தார். அந்தம்மா பரத்பூரில் காலை நீட்டி உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தார்.

வடக்கு சென்டினல் தீவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பயபக்தி வரும். சுற்றியுள்ள கடலில்கூட யாரும் நெருங்கக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. “அவங்கதான் சார் கரெக்ட். வெளியாள் ஒருத்தன் வரக் கூடாது!” என்று மேசையைத் தட்டுவார். அந்த வெளியாள் பட்டியலில் தன் பெயரும் உண்டு என்று இதுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

போன மாதம் மறுபடி லாங் ஐலண்டுக்குப் போன் போட்டார். நாலே அறை உள்ள இடம். எடுத்தது தமிழ்க்குரல், காரைக்குடிப் பக்கமாம். அதிலேயே இவருக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது. இருந்தாலும் வழக்கமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். டிவி இல்லை. பாட்டு இல்லை. பேக்கேஜ் வண்டி வராது. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, “பக்கத்து ரூம்ல யாராவது இருக்காங்களா?” என்றார்.

“ஒருத்தர் இருக்கார் சார். அவரும் இதே கேள்வியெல்லாம் கேட்டுட்டுத்தான் வந்தார். நீங்க வரப்போறதை இன்னும் அவர்கிட்ட சொல்லல.”