சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கேள்வி: உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் இருக்கும் மகன், "பணம் அனுப்புறேன், முழு உடம்பு ஸ்கேன் எடுத்துடுங்கப்பா" என்கிறான். எந்த ஸ்கேன் நல்லது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஊசி நல்லதா, கடப்பாரை நல்லதா என்றால் என்ன சொல்வது? வேலையைச் சொல்லுங்கள். பித்தப்பைக் கல்லைப் பார்க்க அல்ட்ராசவுண்டே போதும். தண்டுவடம், மூட்டு ஜவ்வுக்கு எம்.ஆர்.ஐ. அது காந்தம், கதிர்வீச்சு கிடையாது. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றுக்கு ஒரு சி.டி. என்றால் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணும் வானமும் 3 ஆண்டுகளுக்கு மேல் தருவதை அது சில நொடிகளில் தந்துவிடும்!

நோயில்லாத உடம்பைச் சல்லடை போட்டால் ஏதாவது ஒரு கட்டியோ நீர்ப்பையோ தட்டுப்படும். பெரும்பாலும் அது பரம சாது. ஆனால் அது சாது என்று நிரூபிக்க இன்னொரு ஸ்கேன், ஊசி, பயாப்ஸி, தூக்கமில்லாத இரவுகள். உங்கள் மகன் இருக்கும் நாட்டின் கதிரியக்க மருத்துவர் அமைப்பே அறிகுறியில்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

பல ஆண்டுகள் புகைத்தவரா நீங்கள்? அப்படியானால், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் நுரையீரல் சி.டி. பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இல்லையென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு, மிச்சப் பணத்தில் மகனை ஊருக்கு வரச் சொல்லுங்கள்.